அடுத்த கட்டிலையும் எண்ணி

செய்ந்நன்றி அறிதலுக்கென வள்ளுவப் பெருந்தகை ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியுள்ளார். குணமடைந்த பத்துத் தொழுநோயாளருள் திரும்பி வந்து நன்றி கூறிய ஒருவரை லூக்கா நமக்குக் காட்டுகிறார். நன்றி சொல்ல வேண்டும் என்பதில் நம்மில் எவருக்கும் ஐயமில்லை. எதைக் கொடுப்பது, யாருக்கு, எப்பொழுது என்பதில்தான் தடுமாறுகிறோம். நோயுற்றவர் நலம்பெற்று மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் இத்தடுமாற்றம் எல்லாக் குடும்பங்களுக்கும் வருகிறது.

எங்கள் தாயார் இடுப்பெலும்பு முறிந்து, தென் சென்னையில் ஒரு மருத்துவமனையில் 18 நாள்கள் இருந்தார். புறப்படும் நாள் நெருங்கியபோது வீட்டில் பேச்சு எழுந்தது. தியாகராய நகருக்குப் போய்ச் செவிலியருக்குச் சேலை எடுக்கலாம் என்றார் அக்கா. உறையில் பணம் வைத்துக் கொடுப்பதே எளிது என்றான் தம்பி. அன்று மாலை, அடுத்த கட்டிலில் கிடந்த கணவருக்குத் துணையிருந்த அம்மையார் தாழ்ந்த குரலில் எங்களைக் கேட்டார்: “நீங்க ஆயாவுக்கு எவ்வளவு குடுக்கப் போறீங்க? நானும் அதே மாதிரி வைக்கணுமில்ல?” அவர் காதில் தோடு இல்லை, மருந்துச் செலவுக்காக அது அடகுக் கடைக்குப் போயிருந்தது.

அக்கேள்வி எங்களுக்கு வழிகாட்டிற்று. நாம் மனமுவந்து கொடுப்பது, நமக்குப் பின் வருபவருக்குக் கட்டணமாகிவிடக் கூடும். ‘மாமூல்’ என்பது இப்படித்தான் வேர்விடுகிறது. பிறந்த குழந்தையின் முகத்தைக் காட்டவும், தள்ளுவண்டியை நகர்த்தவும் கை நீளும் இடங்களை நாம் அறிவோம். அரசு மருத்துவமனைகளில் இது 1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டப்படி குற்றம். 2018-இல் அச்சட்டம் திருத்தப்பட்ட பின், கையூட்டுக் கொடுப்பவரும் குற்றவாளியே. கட்டாயத்தின் பேரில் கொடுத்து, ஏழு நாள்களுக்குள் புகார் செய்பவருக்கு விலக்கு உண்டு.

அரசர்கள் இரண்டாம் நூலில் படைத்தலைவன் நாமானின் வரலாறு உள்ளது. தொழுநோய் நீங்கியதும் வெள்ளியும் பொன்னும் பட்டாடைகளுமாக நன்றிக் காணிக்கை தர முன்வந்தான். எலிசா ஏற்க மறுத்தார். பணியாளன் கேகசியோ பின்னால் ஓடிச்சென்று, பொய் சொல்லிப் பெற்றுக்கொண்டான். எலிசா ஏற்றிருந்தால், அடுத்து வெறுங்கையோடு வரும் ஏழைத் தொழுநோயாளி வாசலிலேயே தயங்கி நின்றிருப்பான் அல்லவா?

எனவே சில முறைகளை வகுத்துக்கொண்டோம். பணிவிடைகள் எல்லாம் முடிந்து, வீடு திரும்பும் நாளில்தான் கொடுப்பது; மறைவாக அன்றி எல்லார் முன்னும் கொடுப்பது; பகிர்ந்து உண்ணக் கூடியதையே கொடுப்பது. மயிலாப்பூர் மாடவீதியில் பழங்களும் கடலை உருண்டையும் முறுக்கும் வாங்கி, மூன்று பெட்டிகளாகக் கட்டினோம். காலையில் தரும் ஒரே பெட்டி மாலைக்குள் காலியாகிவிடும். இரவுப் பணியினருக்கு மிஞ்சுவது அட்டை மட்டுமே. ஆகவே பணிமுறைக்கு ஒரு பெட்டி. ஆயா, துப்புரவுப் பணியாளர், மின்தூக்கி இயக்குபவர் ஆகியோருக்கும் சமபங்கு என்று மேலே எழுதி வைத்தோம்.

பெட்டிகளைவிட மேலானதாக நாங்கள் கருதியது ஒரு கடிதம். அதைச் செவிலியர் கண்காணிப்பாளருக்கு எழுதினோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாயாரைப் புரட்டிப் படுக்கவைத்துப் படுக்கைப்புண் வராமல் காத்தவர்கள் யார் யார் என்று பெயர் பெயராகக் குறித்தோம். தின்பண்டம் ஒரு பொழுதில் தீர்ந்துவிடும். எழுத்தில் வந்த நற்சான்று பணிப்பதிவேட்டில் இடம்பெறலாம்.

பணமாகவே தர விரும்புவோர் ஏழை நோயாளிகளுக்கான நிதியில் செலுத்தி, ரசீது பெறலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை, பொதுமக்களின் நன்கொடையாலும் வளர்ந்ததே. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்த அருள்சகோதரிகள் தமக்கென எதையும் வைத்துக்கொள்வதில்லை. அவர்களுக்கு நம் நன்றியைக் காட்டவும் இதுவே தக்க வழி.

இத்தனைக்கும் மேலாக ஒன்றுண்டு. எந்தப் பரிசும் நியாயமான ஊதியத்துக்கு ஈடாகாது. உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி 2016-இல் அமைந்த குழு, 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகளில் செவிலியருக்கு மாநில அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியமும், 50-க்குக் குறைந்த படுக்கைகள் உள்ளவற்றில் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாத ஊதியமும் பரிந்துரைத்தது. நம் பங்குகளின் பெண்மக்கள் எத்தனையோ பேர் இப்பணியில் உள்ளனர். திருச்சபையும் மருத்துவமனைகளை நடத்துகிறது. அவற்றின் நிர்வாகக் குழுக்களில் அமரும் பொதுநிலையினர் இப்பரிந்துரையைக் கையில் எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குச் செல்வார்களானால், அதுவே செவிலியருக்கு நாம் தரக்கூடிய தலைசிறந்த நன்றிக்கொடை ஆகும்.