பாய் சுருக்கும் கயிறு

தில்லியின் கிட்வாய் நகரில் கடல் கிடையாது. மே மாதத்து ஆந்தி, அதாவது புழுதிப் புயல், உண்டு. சாயங்கால வேளையில் மேற்கு வானம் செம்மண் நிறத்துக்கு மாறும். சற்று நேரத்தில் ரிங் ரோட்டு மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாயும். புதிதாக எழுந்த அடுக்குமாடிகளின் பால்கனிகளில் சிக்கு எனப்படும் மூங்கில் திரைகளைச் சுருட்ட ஆட்கள் ஓடி வருவார்கள். எதிர் பிளாக்கில் ஓர் அம்மாள் மட்டும் வெளியே வருவதில்லை. சிக்கின் கயிற்றை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து கட்டியிருக்கிறார். அறைக்குள் நின்றபடி இழுக்கிறார். சிக்கு அடியிலிருந்து சுருண்டு மேலே போய்விடுகிறது.

பாய்மரப் படகுக்காரர்கள் தேடிக் கண்டடைந்த வித்தை இதுதான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மேல் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். படகு ஒருக்களித்துச் சாயும். சுக்கான் சொல்பேச்சுக் கேட்காது. பாயின் பரப்பைக் குறைத்தே ஆக வேண்டும். இதற்கு ஒருவர் நனைந்த தளத்தில் நடந்து பாய்மரத்தடிக்குப் போக வேண்டியிருந்தது. கடலில் விழ அதைவிட வசதியான இடமில்லை.

அதனால்தான் கயிறுகளைச் சுக்கான்காரரின் கைக்கே கொண்டுவந்தார்கள். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே முதலில் பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறான தாமானை நெகிழ்த்திப் பாயிலிருந்து காற்றை விடுகிறார். பாயை ஏற்றி இறக்கும் கயிறான ஆஞ்சானை, முன்பே அதில் மையிட்டுக் குறித்த இடம் வரை இறக்குகிறார். பிறகு சுருக்குக் கயிறு. அது பாயின் பின்விளிம்பில் உள்ள கண்ணில் நுழைந்து, அடிக்கம்புக்குள் ஓடி, முன்விளிம்புக் கண்ணைத் தொட்டு, பாய்மரத்தடிக்கு இறங்கி, தளத்தின் மேல் அவர் கைக்கு வருகிறது. ஒரே இழுப்பில் இரண்டு முனையும் கீழே வந்து படியும். மறுபடி ஆஞ்சானை இறுக்கி, தாமானைப் பிடித்தால் படகு நிமிர்ந்து ஓடும். இத்தனை கப்பிகளில் வளைந்து வரும் கயிறு உராய்வில் திணறும் என்று முன்முனைக்கு ஒன்று, பின்முனைக்கு ஒன்று எனத் தனித்தனிக் கயிறு வைப்பவர்களும் உண்டு. நான் அவர்கள் கட்சி.

இன்னொரு வழியும் உண்டு. 1960-இல் பிளிமத்திலிருந்து நியூயார்க்குக்கு நடந்த முதல் தனிநபர் அட்லாண்டிக் பந்தயத்தில் பிளாண்டி ஹாஸ்லர், ஜெஸ்டர் என்ற 25 அடிப் படகில் போனார். சீன நாவாய்களைப் போலக் குறுக்குச் சட்டங்கள் வைத்த ஒற்றைப் பாய். கயிற்றைத் தளர்த்தினால் சட்டம் சட்டமாகப் பாய் மடிந்து இறங்கும். தளத்துக்கே வராமல் அத்தனையையும் செய்துகொண்டு இரண்டாவதாக வந்தார்.

ஹாஸ்லரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் மனம் புறநானூற்றின் முப்பதாம் பாட்டுக்குப் போய்விடும். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடியது. ஞாயிறு போகும் வழியையும் காற்று வீசும் திசையையும் நேரில் போய் அளந்து வந்தவர்போலச் சொல்பவர்கள் உண்டு, ஆனால் யானை கவுளில் ஒளித்து வைத்த கல்லைப் போன்றது உன் வலிமை, அதைப் புலவர்கள் எப்படிப் பாடுவார்கள் என்கிறார். அதற்குப் பிறகு ஒரு கப்பல் வருகிறது. கூம்போடு மேற்பாயைக் களையாமல், பாரத்தையும் குறைக்காமல், புகாரின் ஆற்று முகத்துவாரத்துக்குள் அப்படியே நுழைகிறது. புகாரின் ஆழத்தைப் புகழும் வரி என்று படிப்பது வழக்கம். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. கரைக்கு வரும் கப்பல் மேற்பாயைக் களைந்துவிடும் என்பது கேட்பவர்க்கெல்லாம் தெரிந்திருந்தால்தான் இந்தப் புகழ்ச்சி எடுபடும். உள்நாட்டு உறையூர்க் கவிஞருக்கே பாய் இறக்கும் முறை தெரிந்திருக்கிறது. மற்ற நாட்களில் கூம்பின்மேல் ஏறி அதைக் களைந்தவன் யார்? அவனைப் பற்றிப் பாட்டு எதுவும் சொல்லவில்லை.

இன்று பாயைக் கையாள்பவர்களின் பெயர் நமக்குத் தெரிகிறது. 2024 அக்டோபர் 2-ஆம் தேதி கோவாவிலிருந்து தாரிணி என்ற 56 அடிப் பாய்மரப் படகில் கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே 29-இல் திரும்பிய கடற்படை அதிகாரிகள் இருவர்: தில்னா, புதுச்சேரிப் பெண்ணான ரூபா. படகில் வேறு யாருமில்லை. ஒருவர் தூங்கும்போது காற்று முறுக்கினால் மற்றவர் ஒற்றையாளாக நின்று சமாளிக்க வேண்டும். இந்தச் செய்தியைத் தில்லியில் படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

இவர்கள் பயணம் படமும் பதிவுமாக இருக்கிறது. எஞ்சின் வருவதற்கு முன்னால் பாயை மட்டும் நம்பித் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போன தோணிக்காரர்களின் கைவேலை அப்படிப் பதிவாகவில்லை. ஜோ டி குரூஸின் ‘கொற்கை’ அவர்கள் வாழ்வைச் சொல்கிறது. ஆனால் நாவல் செய்முறை ஏடு ஆகாது. தூத்துக்குடியில் இருக்கும் இளைஞர்கள் தோணித் தலைவர்களான முதிய தண்டல்களிடம் போய் உட்கார்ந்து கேளுங்கள்: எந்தக் காற்றுக்குப் பாயைக் குறைப்பீர்கள், எந்தக் கயிற்றை முதலில் விடுவீர்கள், பாயைத் தாங்கும் குறுக்குக் கம்பான பருமலில் யார் ஏறுவார்? பெயரோடு எழுதி வையுங்கள்.