மாசம் எவ்வளவு கட்ட முடியும்?

ஷோரூமுக்குள்ள நுழைஞ்சு ரெண்டு நிமிஷம்கூட ஆகலைங்க. "காபி சாப்பிடுறீங்களா?"ன்னு கேட்ட அதே மூச்சுல அந்த சேல்ஸ் ஆளு கேட்ட கேள்விதான் தலைப்பு.

நானும் வெள்ளந்தியா, "எழுநூறு டாலருக்குள்ள இருந்தா நல்லாருக்கும்"னுட்டேன். அவ்ளோதான். பத்து நிமிஷத்துல ஒரு தாள் வந்துச்சு. மாசம் 688. மூணு வருஷம். முன்பணம் "வெறும்" 5,000. கேட்டதைவிட 12 டாலர் கம்மி, பார்த்தீங்களா எவ்ளோ நல்லவன் நான்னு ஒரு சிரிப்பு வேற.

எனக்கும் சந்தோஷம்தான். நல்லவேளை, பக்கத்துல தங்கமணி இருந்தாங்க. "யோசிச்சு சொல்றோம்"னு என்னை இழுத்துட்டு வெளிய வந்துட்டாங்க.

கொஞ்சம் முன்கதை சொல்லிடறேன். இடம் நியூ ஜெர்சி, 2025 ஆகஸ்ட் கடைசி. படிக்க வந்தப்போ வாங்குன செகண்ட் ஹேண்ட் கார் இருமிக்கிட்டே ஓடிட்டிருந்தது. ஆறு வருஷமா பொட்டி தட்டியாச்சு, ஒருதடவையாவது நல்ல வண்டி ஓட்டணும்னு ஆசை. கண்ணு போனது ஜெர்மனில செஞ்ச ஒரு எலக்ட்ரிக் செடான் மேல. ஸ்டிக்கர் விலை 64,000 டாலர். காசு குடுத்து வாங்குற எண்ணமே இல்லை. சொகுசு எலக்ட்ரிக் வண்டிங்க மதிப்பு மளமளன்னு இறங்கும். லீஸுல எடுத்தா அந்தத் தலைவலி கம்பெனிக்கு.

இன்னொரு காரணம் 7,500 டாலர். அமெரிக்காவுல 2022ல வந்த சட்டப்படி எலக்ட்ரிக் காருக்கு 7,500 வரைக்கும் வரிச்சலுகை இருந்தது. ஆனா சொந்தமா வாங்குறதா இருந்தா ஆயிரத்தெட்டு கண்டிஷன். செடான்னா 55,000க்கு மேல இருக்கக் கூடாது, வட அமெரிக்காவுலதான் அசெம்பிள் பண்ணியிருக்கணும், உங்க வருமானத்துக்கும் வரம்பு. என் ஆசைக் கார் முதல் ரெண்டுலயே ஃபெயில். லீஸ் எடுத்தா கதை வேற. சட்டப்படி வண்டியை வாங்குறது லீஸ் கம்பெனி, நான் வாடகைக்கு ஓட்டுறவன். அதனால அது வர்த்தக வாகனக் கணக்குல போயிடும். அந்தக் கண்டிஷன் ஒண்ணும் கிடையாது. சலுகை கம்பெனிக்குக் கிடைக்கும், அவங்க மனசு வச்சா நமக்குத் தருவாங்க. தந்தே ஆகணும்னு சட்டம் இல்லை. இந்த "மனசு வச்சா"வை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வருது.

2025 ஜூலை 4ல கையெழுத்தான புதுச் சட்டம் இதுக்கெல்லாம் கெடு வச்சிருச்சு. செப்டம்பர் 30. அதுக்கப்புறம் எடுக்குற வண்டிக்கு ஒண்ணும் கிடையாது. ஷோரூம்ல எல்லாம் ஆடித் தள்ளுபடி கடைசி நாள் கூட்டம்.

வீட்டுக்கு வந்து தாளை எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்தேன். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் படிச்சதுல ஒண்ணு புரிஞ்சது. மாசத் தவணைங்கிறது விலையே இல்லை, விடை. கணக்கு உள்ள இருக்கு. உள்ள இருக்கிறது நாலு எண்தான்.

முதல்ல வண்டியோட விற்பனை விலை. ஸ்டிக்கர் விலை இல்லை, பேசி முடிச்ச விலை. ரெண்டாவது ரெசிடுவல், அதாவது லீஸ் முடியும்போது வண்டிக்கு இவ்வளவு மதிப்பு இருக்கும்னு கம்பெனி இப்பவே போடுற கணக்கு. இதை லீஸ் கம்பெனி வைக்கும், டீலர் மாத்த முடியாது. மூணாவது எத்தனை மாசம். நாலாவதுதான் வில்லன், மணி ஃபேக்டர்.

மணி ஃபேக்டர்ங்கிறது வட்டி. ஆனா வட்டி மாதிரி தெரியாது. 0.0022ன்னு இருக்கும். அட, இத்துனூண்டான்னு தோணும். அதை 2400ஆல பெருக்குங்க, வருஷ வட்டி 5.28 சதவீதம். ஏன் 2400? விற்பனை விலையையும் ரெசிடுவலையும் கூட்டி, மணி ஃபேக்டரால பெருக்கினா மாச வட்டி. சராசரிக் கடன்னு பார்த்தா அந்தக் கூட்டலை ரெண்டால வகுக்கணும், வருஷ வட்டியை மாசமாக்க 12ஆல வகுக்கணும், சதவீதத்துக்கு 100. ரெண்டு, பன்னெண்டு, நூறு. பெருக்கினா 2400. மேட்டர் அவ்வளவுதான், ஆனா சொல்ல மாட்டாங்க. 1976ல வந்த லீஸ் சட்டப்படி ஒப்பந்தத்துல வண்டி விலை, ரெசிடுவல், மொத்த வட்டி எத்தனை டாலர், எல்லாம் காட்டணும். மணி ஃபேக்டரைக் காட்டணும்னு இல்லை. டீலர் அதுல கொஞ்சம் ஏத்தி வச்சுக்கிட்டா அந்தக் காசு அவர் பாக்கெட்டுக்கு.

இதைப் படிச்சப்போ எங்க தாத்தா ஞாபகம் வந்துச்சு. சின்ன வயசுல மணப்பாறை மாட்டுச் சந்தைக்குக் கூட்டிட்டுப் போவாரு. அங்க தரகர்கள் விலையை வாயால சொல்ல மாட்டாங்க. ரெண்டு பேர் கையையும் ஒரு துண்டால மூடிக்கிட்டு விரலைப் பிடிச்சுப் பேசுவாங்க. சுத்தி நிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது. "துண்டுக்குள்ள கை விடத் தெரியாதவன் சந்தைக்கு வரக்கூடாதுடா"ம்பாரு தாத்தா. இங்க துண்டு ஏசி ரூமுக்குள்ள இருக்கு. என் கையைத்தான் இன்னும் விடலை.

சரின்னு அந்தத் தாளைப் பிரிச்சேன். விற்பனை விலை முழுசா 64,000. "எங்க தள்ளுபடி"ன்னு 7,500. யோவ், அது சர்க்கார் குடுத்ததுய்யா! வரிச்சலுகையை அப்படியே எடுத்து, தன் சட்டைப் பையில இருந்து குடுக்கிற மாதிரி எழுதி வச்சிருந்தாங்க. மனசு வச்சதே அவ்வளவுதான். மேல 925 டாலர் லீஸ் கட்டணம். ரெசிடுவல் 54 சதவீதம், அதாவது 34,560. மணி ஃபேக்டர் போட்டே இல்லை. பின்னாலருந்து கணக்குப் போட்டா 0.0022 வருது. அப்பவும் மாசம் 837 ஆகுது. அதை 688 ஆக்கத்தான் அந்த "வெறும்" 5,000.

லீஸுல முன்பணம் கட்டுறது எவ்வளவு தப்புன்னும் அன்னைக்குத்தான் தெரிஞ்சது. ஓட்டிட்டு வெளிய வந்த மறுநாளே வண்டி இடிபட்டு ஒண்ணுமில்லாம போனா, இன்ஷூரன்ஸ் பணம் வண்டியோட சொந்தக்காரனான லீஸ் கம்பெனிக்குப் போகும். நம்ம 5,000 பொதுவா கோவிந்தாதான்.

அடுத்த நாள் அஞ்சு டீலருக்கு ஒரே மெயில். இந்த வண்டி, இத்தனை மாசம், வருஷத்துக்கு 10,000 மைல், முன்பணம் பூஜ்யம். விற்பனை விலை, மணி ஃபேக்டர், ரெசிடுவல், கட்டணங்கள், நாலும் எழுத்துல வேணும். மாசத் தவணையை நானே கணக்குப் போட்டுக்கிறேன்.

மூணு பேர் "எப்ப நேர்ல வர்றீங்க?"ன்னாங்க. ஒருத்தர் பதிலே போடலை. அஞ்சாவது ஒரு அம்மணி, நாலு எண்ணையும் ரெண்டு வரியில அனுப்பிட்டாங்க. அந்த மெயிலைப் பார்த்ததும் கும்பிடணும் போல இருந்துச்சு. அப்புறம் மூணு வாரம் இங்க ஒரு மெயில், அங்க ஒரு மெயில். மணி ஃபேக்டர் 0.0022ன்னாங்க. லீஸ் கம்பெனியோட அடிப்படை 0.0018தானேன்னு கேட்டேன். ஒரு நாள் மௌனம். அப்புறம் "சரி". அந்த ஒரு "சரி"யோட மதிப்பு மூணு வருஷத்துக்கு 1,251 டாலர். டயர்ல நைட்ரஜன் நிரப்ப தனிக் காசுன்னாங்க. காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தாங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்னேன். அதையும் எடுத்துட்டாங்க.

கடைசில ஸ்டிக்கர் விலையில 8 சதவீதம் தள்ளுபடி, 7,500 தனியா, மணி ஃபேக்டர் 0.0018, முன்பணம் பூஜ்யம், 36 மாசம். வரி தவிர மாசம் 649. முதல் தாள்ல 688. பார்த்தா 39 டாலர்தானே வித்தியாசம்னு தோணும். முன்பணத்தையும் சேர்த்து மூணு வருஷத்துக்குக் கூட்டினா 6,404 டாலர். செப்டம்பர் 20, சனிக்கிழமை வந்து கையெழுத்துப் போட்டு வண்டியை எடுத்துக்கச் சொல்லிட்டாங்க. காலர் தூக்கி விட்டுக்கிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தது செய்தி.

உங்கள்ல பல பேருக்கு அந்த ராத்திரி மறந்திருக்காது. எச்1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம்னு ஜனாதிபதி கையெழுத்துப் போட்டுட்டார். யாருக்கு, புதுசா வர்றவங்களுக்கா, இருக்கிறவங்களுக்கா, ஒரு தடவையா, வருஷா வருஷமா, யாருக்கும் தெரியலை. சனிக்கிழமை நடுராத்திரி தாண்டினதும் அமலாம். ஊருக்குப் போயிருக்கிறவங்க உடனே திரும்புங்கன்னு கம்பெனிகள்ல இருந்து மெயில். வாட்ஸப் குழுவெல்லாம் தீப்பிடிச்ச மாதிரி. தங்கச்சி கல்யாணத்துக்குப் போன ஃப்ரெண்டு ஒருத்தன் சென்னை ஏர்போர்ட்ல டிக்கெட் தேடிட்டு நிக்கிறான்.

சமையல்கட்டு மேசை மேல அம்மணி அனுப்பின ஒப்பந்தத்தோட பிரிண்ட் கிடந்தது. தங்கமணி அதைப் புரட்டிக்கிட்டே இருந்தாங்க. சட்டப்படி எல்லா லீஸ் ஒப்பந்தத்திலயும் ஒரு எச்சரிக்கை இருக்கும். நடுவுல முடிச்சா பல ஆயிரம் டாலர் ஆகலாம், எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறீங்களோ அவ்வளவு அதிகம்னு. நான் அந்த இடத்தைத் தாண்டி மணி ஃபேக்டருக்குப் போயிருந்தேன். அவங்க அங்கயே நின்னுட்டாங்க.

"36 மாசம்னு எழுதிக் குடுக்கறீங்களே, நமக்கு யாராவது 36 மாசம்னு எழுதிக் குடுத்திருக்காங்களா?"

என் ஐ-797 தாள்ல இருக்கிற தேதி 2027 செப்டம்பர் 30. வேலை போனா ஊரைக் காலி பண்ண 60 நாள். இந்த எண்ணெல்லாம் எனக்கு மனப்பாடம். மூணு வாரமா நாலு எண்ணை வச்சு மல்லுக்கட்டினேன், இந்த ரெண்டை அதுக்குப் பக்கத்துல வச்சுப் பார்க்கவே இல்லை. டீலரும் கேக்கலை. அவங்க கேட்டதெல்லாம் சம்பளமும் கிரெடிட் ஸ்கோரும்தான்.

வண்டியே வேணாம், விட்டுடலாம்னேன். கோவம்தான். அதுக்கும் தங்கமணி ஒத்துக்கலை. "ஓட்டணும்னு ஆசைப்பட்டீங்க, ஓட்டுங்க. நம்மகிட்ட எவ்வளவு நாள் இருக்கோ அவ்வளவு நாளுக்கு எடுங்க."

ராத்திரியே 24 மாசத்துக்குக் கணக்குப் போட்டேன். ரெண்டு வருஷ ரெசிடுவல் 61 சதவீதம். தவணை 717 வருது. மாசம் 68 டாலர் அதிகம், ரெண்டு வருஷத்துக்கு 1,632. வட்டியில அடிச்சுப் பிடிச்சு வாங்கின 1,251ஐவிட அதிகம்!

சனிக்கிழமை போய் 24 மாசமா மாத்துங்கன்னேன். ஃபைனான்ஸ் மேனேஜர் கண்ணாடியைக் கழட்டிட்டுப் பார்த்தார். மூணு வாரமா பைசா பைசாவா குறைச்சவன் இப்போ தானா வந்து தவணையைக் கூட்டச் சொல்றானேன்னு இருந்திருக்கும். "36தான் உங்களுக்கு லாபம்"னார். உண்மைதான். அவர் கணக்குல தப்பே இல்லை. என் கணக்கை அவருக்கு எப்படிச் சொல்றது? "எனக்கு ரெண்டு வருஷம்தான் தெரியும் சார்"னு மட்டும் சொன்னேன். அவருக்குப் புரிஞ்சதோ இல்லையோ, தாளை மாத்தி அடிக்கப் போனார்.

அவர் திரும்பி வர்றதுக்குள்ள போன் அதிர ஆரம்பிச்சது. வெள்ளை மாளிகை விளக்கம் குடுத்துட்டாங்க. புது விண்ணப்பத்துக்கு மட்டும்தான், ஒரு தடவைதான், ஏற்கனவே விசா வச்சிருக்கிறவங்க போகலாம் வரலாம். நானும் தங்கமணியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். பழைய 36க்கே போயிடலாமா? இன்னும் நேரம் இருந்தது. அவங்க தலையாட்டலை. நானும் கேக்கலை.

24க்கே கையெழுத்துப் போட்டேன்.

வண்டி அருமையா இருக்குங்க. சத்தமே இல்லாம கிளம்புது. ஹைவேல ஏறும்போது இன்னைக்கும் சின்னப் பையன் மாதிரி சிரிக்கிறேன். அந்த 68 டாலர் மாசாமாசம் உறுத்தத்தான் செய்யுது. ஆனா ராத்திரி செய்தியைத் திறக்கும்போது வாசல்ல நிக்கிற வண்டி நினைப்பு வர்றதில்லை. அதுக்குத்தான் அந்தக் காசுன்னு வச்சுக்கிட்டேன். 2027 செப்டம்பர்ல சாவியைத் திருப்பிக் குடுக்கும்போது அந்த மேனேஜர் இருந்தார்னா, காபி வாங்கிக் குடுத்து மிச்சக் கதையைச் சொல்லணும்.

கொசுறு: அந்த 7,500 இப்போ இல்லை. துண்டு மட்டும் அப்படியே இருக்கு. லீஸ் எடுக்கப் போறவங்க "மாசம் எவ்வளவு கட்ட முடியும்?"னு கேட்டா வாயைத் திறக்காதீங்க. நாலு எண்ணையும் எழுத்துல வாங்குங்க, மணி ஃபேக்டரை 2400ஆல பெருக்குங்க, முன்பணம் கட்டாதீங்க. எத்தனை மாசம்ங்கிறதை மட்டும் வீட்டுல கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. அது டீலர்கிட்ட பேசி முடிக்கிற விஷயம் இல்லை.