வழிப்போக்கர் நின்ற ஊர்

பிறந்த ஊரின் பெருமையைப் பிறர் வாயிலாக உணரும்பொழுது உண்டாகும் இன்பம் தனிச்சிறப்புடையது. நாள்தோறும் கண்டு பழகிய ஏரியும் வயலும் சாலையுமே ஆயினும், அயல்நாட்டார் ஒருவர் அவற்றை உற்றுநோக்கி எழுதியிருப்பதைக் காணுங்கால், அவை புதியனவாய் நம் கண்முன் தோன்றுகின்றன. பிரான்சிஸ் புக்கானன் என்னும் ஸ்காத்லாந்து மருத்துவரின் பிரயாண நூலைப் படித்தபோது யான் அவ்வின்பத்தை அடைந்தேன்.

1799-ஆம் ஆண்டில் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அதன் பின்னர், கவர்னர் ஜெனரலாகிய வெல்லெஸ்லி பிரபுவின் கட்டளைப்படி, மைசூர் முதலிய நாடுகளின் நிலைமையை ஆராயும்பொருட்டுப் புக்கானன் 1800-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சென்னையினின்று புறப்பட்டார். சித்திரை வெயிலில் காஞ்சி, ஆற்காடு, வேலூர் வழியாகச் சென்ற அவர், ஏரிகளையும் சத்திரங்களையும் பயிர்வகைகளையும் விடாது குறித்துக்கொண்டார். அக்குறிப்புக்கள் 1807-இல் இலண்டனில் மூன்று பாகங்களாக வெளிவந்தன.

காஞ்சிக்கு மேற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், அப்பெருவழியின் அருகே எங்கள் ஊராகிய திருப்புட்குழி உள்ளது. ஆகவே, நூலிலே புக்கானன் ஆற்காட்டை நோக்கி நடக்க, என் நெஞ்சமோ பாலுசெட்டிசத்திரத்தில் இறங்கி ஊர்வழியே திரும்பிவிட்டது. நாற்றின் பசுமையும், வரப்பிலே நிற்கும் பனைகளும், திருக்குளத்தின் நீரில் அசையும் கோபுரத்தின் நிழலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன.

எங்கள் ஊர்ப்பெயரே ஒரு கதை கூறும். புள் என்பது பறவை. புள்ளும் குழியும் புணருங்கால் ளகரம் டகரமாகத் திரியப் புட்குழி ஆயிற்று. சீதையைக் கவர்ந்து சென்ற இராவணனைத் தடுத்துப் போர்செய்து வீழ்ந்த சடாயுவுக்கு, வழிநடந்து வந்த இராமன் மகன்போல் நின்று ஈமக்கடன் செய்த இடம் இதுவென்பர். குடந்தைக்கு அருகிலுள்ள திருப்புள்ளபூதங்குடியாரும் இப்பெருமையைத் தமதாகக் கொள்வர். எவ்வூரில் நிகழ்ந்ததாயினும், துயருற்று வழிச்செல்லும் ஒருவன் தன் துயரை நிறுத்திவைத்து, வீழ்ந்து கிடந்ததொரு பறவைக்காக நின்றான் என்னும் செய்தி போற்றத்தக்கதன்றோ!

திருமங்கையாழ்வாரால் பாடப்பெற்ற இத்திருப்பதிக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. 1017-இல் ஸ்ரீபெரும்புதூரில் தோன்றியவராகக் கூறப்படும் இராமாநுசர், இளமையில் யாதவப்பிரகாசரிடம் பாடங்கேட்டது இங்கேதான் என்பது வைணவ மரபு. பிற்காலத்தில் ஆசிரியராய் விளங்கியவர் மாணவராய் வந்து தங்கிய ஊர் என்பதில் எம்போன்ற மாணாக்கருக்குத் தனியானதோர் உவகை உண்டு.

யாங்கள் கிறிஸ்தவக் குடும்பத்தினர். ஆயினும் அமாவாசைதோறும் மகப்பேறு வேண்டித் திருக்குளத்தில் நீராட வரும் மகளிர்க்கு எங்கள் வீட்டுத் திண்ணை புதியதன்று. வறுத்த பயறு முளைத்தால் வேண்டுதல் பலிக்கும் என்னும் நம்பிக்கையோடு அவர்கள் வருவர். என் பாட்டியார் அவர்கட்காகப் புதுப்பானையில் நீர் நிரப்பித் திண்ணையில் வைப்பார். யார், எவ்வூர், என்ன சமயம் என்று ஒருநாளும் வினவியதில்லை. களைத்தவர் முகத்தைக் கண்டதும் குவளையை நீட்டுவார். இப்பொழுது அவருக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. விடுமுறையில் யான் சென்றால், என் படிப்பைப் பற்றிக் கேட்பதற்கு முன்னரே, "இன்றைக்கு யார் யார் வந்தார்கள், கண்ணு?" என்றுதான் கேட்பார்.

எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் சென்ற வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டு விலகிப்போனவரையும், நின்று காயங்கட்டிய சமாரியனையும் பற்றி நம் ஆண்டவர் அருளிய உவமையைக் கேட்கும்போதெல்லாம், அவ்வழி எனக்கு எங்கள் ஊர்ச் சாலையாகவே தோன்றும். சடாயுவின் கதையை ஊர் கற்பித்தது. சமாரியனின் கதையைத் திருச்சபை கற்பித்தது. இரண்டின் பொருளையும் அந்தத் தண்ணீர்ப்பானை விளக்கிற்று.

புக்கானன் சென்ற பெருவழி இன்று 48-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் பகுதியாகிவிட்டது. பெங்களூரை நோக்கி விரையும் வண்டிகள் எங்கள் ஊரைக் கணப்பொழுதிற் கடக்கின்றன. எம்மூர்ப் பக்கத்து இளைஞரும் விடியுமுன்னரே ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகட்குப் புறப்பட்டுவிடுகின்றனர். விரைவும் வேலையும் வேண்டுவனவே. அவற்றால் குடும்பங்கள் வாழ்கின்றன. எனினும், நிற்போர் இல்லாத சாலையில் நீர்வைப்போர் எத்துணைக் காலம் இருப்பர் என்னும் கவலை என் உள்ளத்தை வருத்துகின்றது. வைப்பவர் கைகள் தளர்ந்து வருகின்றன. அப்பானையை ஏந்த வேண்டியவர் எம் தலைமுறையினரே.

நெடுவழிச் செல்லும் நண்பர்காள்! பாலுசெட்டிசத்திரம் என்னும் பெயர்ப்பலகை கண்ணிற் படுமாயின், சற்றே இறங்கி எங்கள் ஊருக்கு வாருங்கள். குளக்கரையில் காற்று உண்டு. எங்கள் திண்ணையில் தண்ணீரும் உண்டு. யார் வந்தார் என்று கேட்கும் மூதாட்டிக்கு விடைகூற எனக்கும் சில பெயர்கள் கிடைக்கும்.