போதும் என்று சொல்ல ஓர் ஆள்

குத்துச்சண்டை வீரர் ஜோ ஃபிரேசியரின் அப்பா ரூபினுக்கு இடது கை கிடையாது. ஜோ பிறப்பதற்கு முன்பே ஒரு துப்பாக்கிச் சூட்டில் அது போய்விட்டது. அமெரிக்காவின் தென் கரோலினாவில், ப்யூஃபோர்ட் பக்கம் மணல் பாய்ந்த கொஞ்சம் நிலம், வீடு நிறைய பிள்ளைகள். ரம்பத்தின் ஒரு பிடியை அப்பா பிடித்தால் மறுபிடி ஜோவின் கையில் இருக்கும். அப்பாவின் இடது கை நான்தான் என்று பின்னாளில் அவரே சொல்லிக்கொண்டார். சின்ன வயதில் ஒரு பன்றி துரத்தி, விழுந்து, அவருடைய இடது கையிலும் அடிபட்டது. வைத்தியத்துக்குக் காசில்லை; கை முழுதாக நிமிராமல் மடங்கின வாக்கிலேயே கூடிவிட்டது. 1971 மார்ச் 8 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில், பதினைந்தாவது ரவுண்டில், முகம்மது அலியை மல்லாக்கத் தள்ளியது அந்தக் கைதான்.

ஒரு பரம்பரைச் சொத்து எப்படிக் கைமாறும் என்பதற்கு இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது. ஆனால் அதே சொத்தை ஜோ தன் மகனுக்குக் கொடுக்கப் போனபோது நடந்ததுதான் என்னைப் பல வருடங்களாக உறுத்துகிறது.

பழைய குத்துச்சண்டைகளை ராத்திரியில் உட்கார்ந்து பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. "ரெண்டு பேர் அடிச்சுக்கறதைப் பாக்கறதுக்குப் பன்னெண்டு மணி வரைக்கும் முழிக்கணுமா?" என்பது வீட்டில் வழக்கமான கேள்வி. பதில் சொன்னதில்லை. அடியை மட்டும் பார்ப்பதில்லை நான், கார்னரைப் பார்ப்பேன். ரவுண்டுக்கு ரவுண்டு ஒரு நிமிடம், ஸ்டூல், தண்ணீர், துண்டு, குனிந்து பேசுகிற ஓர் ஆள். மகன்கள் ஆடும் சண்டையில் அந்த ஆள் பல நேரம் அப்பாவாகவே இருக்கிறார். அங்கேதான் சிக்கல்.

ஜோவின் மகன் மார்விஸ் ஃபிரேசியர் பிறந்தபோது ஜோவுக்கே பதினாறு வயது. ஜோ பிலடெல்பியாவில் மாட்டுக்கறிக் கூடத்தில் வேலை பார்த்தவர், தொங்கும் மாட்டுத் துண்டுகளைக் குத்திக் கைபழகியவர், 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். மார்விஸ் வசதியான வீட்டுப் பிள்ளை. ஆனாலும் சோம்பேறி இல்லை, திறமையற்றவனும் இல்லை. 1979 இல் அதே ஜப்பானில், யோகோஹாமாவில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் ஹெவிவெயிட் தங்கம் வாங்கினார். தூரத்தில் நின்று, ஜாப் போட்டு, நகர்ந்து ஆடுகிற நிதானமான ஆட்டம் அவருடையது. ஜார்ஜ் பென்டன் என்ற நுணுக்கமான கோச்சின் கைவண்ணம் அது. அப்பாவுக்கு அது போதவில்லை. ஃபிரேசியர் என்றால் தலையைத் தாழ்த்தி, அடி வாங்கிக்கொண்டே முன்னால் போக வேண்டும். அப்படி ஆட ஜோவின் உடம்பு வேண்டும், அந்த மடங்கின கை வேண்டும். மகனுக்கு இரண்டு கையும் நன்றாக நிமிரும்.

1983 ஜூனில் மார்விஸ் ஜோ பக்னரைப் பாயிண்டில் வென்றார். பத்து வருடத்துக்கு முன் லண்டனில் அப்பா வென்ற அதே பக்னர். இந்தப் பொருத்தம் ஜோவுக்கு எவ்வளவு இனித்திருக்கும்! அந்த வருடம் நவம்பர் 25 அன்று, பத்தே பத்து தொழில்முறைச் சண்டைகள் ஆடிய பையனை லாஸ் வேகாஸில் லாரி ஹோம்ஸுக்கு எதிரே நிறுத்தினார். ஹோம்ஸ் அப்போது 44 சண்டைகளில் தோல்வியே காணாத உலக சாம்பியன். உலகக் குத்துச்சண்டை கவுன்சிலே இதைப் பட்டப் போட்டியாக ஏற்க மறுத்தது. ஆனால் ஃபிரேசியர் என்ற பெயருக்கு டிக்கெட் விற்கும், டிவி வரும். இதே பத்துச் சண்டை ஆடிய வேறொரு பையனை ஹோம்ஸ் இருக்கிற தெருப்பக்கம்கூட விட்டிருக்க மாட்டார்கள்.

மார்விஸ் கையைத் தாழ்த்திப் போக்குக் காட்டினார். ஹோம்ஸின் வலது கை வந்தது. கீழே விழுந்து எழுந்தவரைக் கயிற்றோரம் ஒதுக்கி ஹோம்ஸ் அடிக்க ஆரம்பித்தார். அந்தக் காட்சியில் ஒரு விஷயம் இருக்கிறது. அடித்துக்கொண்டே, நடுவர் மில்ஸ் லேனைப் பார்த்து, நிறுத்துங்கள் என்று ஹோம்ஸ் சைகை காட்டுகிறார். முதல் ரவுண்டு முடிய மூன்று வினாடி இருக்கும்போது லேன் நிறுத்தினார். போதும் என்று முதலில் நினைத்தவர் எதிராளி.

ஜோவைக் கொடூரமான தகப்பன் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவர் கண்ணுக்கு மகன் தெரியவில்லை, தானே தெரிந்தார், அவ்வளவுதான். நான் படித்த பள்ளியிலேயே என் அப்பா கணக்கு வாத்தியார். நான் கணக்கில் அறுபது வாங்கினால், அது அறுபது வாங்கிய ஒரு பையன் என்று யாரும் பார்க்க மாட்டார்கள். வாத்தியார் பையன் தொலைத்த நாற்பதைத்தான் பார்ப்பார்கள். அப்பாவோ தன் மகனுக்கு வராமல் இருக்காது என்று அடுத்த வகுப்புக் கணக்கைக் கொண்டுவந்து வைப்பார். எனக்கு மிஞ்சியது தலைவலி மட்டும். மார்விஸுக்கு நேர்ந்தது அப்படிப்பட்ட தலைவலி இல்லை.

'சார்பட்டா பரம்பரை' படம் பார்த்தவர்களுக்கு ரங்கன் வாத்தியார் நினைவிருக்கும். சொந்த மகன் ஆசையோடு நிற்க, அவனை விட்டுவிட்டுக் கபிலன் என்ற வேறொருவனைத் தேர்ந்தெடுப்பார். மகனுக்கு அது பெரிய அவமானம். கதையில் அதனால் வரும் வினை கொஞ்சநஞ்சமில்லை. ஆனாலும் வாத்தியாராக அந்த மனிதரின் கண் சரியாகத்தான் பார்த்தது. ஜோவுக்கு அந்தக் கண் இல்லை.

இத்தனைக்கும் ஜோவின் வாழ்க்கையிலேயே அதற்குப் பாடம் இருந்தது. 1975 அக்டோபர் 1, மணிலா. அலியோடு மூன்றாவது சண்டை. பதினான்கு ரவுண்டு முடிந்து ஸ்டூலில் உட்கார்ந்தபோது ஜோவுக்குக் கண் தெரியவில்லை. எழுந்து போகத் துடித்தார். கோச் எடி ஃபட்ச் விடவில்லை. பதினைந்தாவது ரவுண்டைத் தாண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் வாதாடுகிறார்கள். ஃபட்ச் வாதாடவில்லை, நிறுத்தினார். ரத்த உறவில்லாத மனிதர் என்பதால்தான் அவரால் அது முடிந்தது என்று நான் நினைக்கிறேன். ஜோவின் கார்னரில் ஃபட்ச் இருந்தார். மார்விஸின் கார்னரில் ஜோ இருந்தார்.

1986 ஜூலை 26 அன்று, நியூயார்க் மாநிலத்தின் கிளென்ஸ் ஃபால்ஸில், இருபது வயது மைக் டைசனுக்கு எதிரே மறுபடியும் ஒரு ஃபிரேசியர். முப்பது வினாடி. அதற்குமேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

மற்ற மகன்கள் பக்கம் போனால் கதை பல தினுசு. மெக்சிகோவின் ஹூலியோ சீசர் சாவேஸ் சண்டைக்கு வரும்போது கூடவே வரும் சின்னப் பையன், அதே பெயருடைய மகன். 1993 இல் ஆஸ்டெக்கா மைதானத்தில் 1,32,000 பேருக்கு மேல் திரண்டு பார்த்த அப்பா அவர். மகன் 2011 இல் மிடில்வெயிட் பட்டம் வென்றது வாஸ்தவம். அடுத்த வருடம் செர்ஜியோ மார்ட்டினெஸோடு மோதுவதற்கு முன் டிவியில் ஒரு தொடர் ஓடியது. அதில் ஜூனியர் ராத்திரியில் வீட்டு ஹாலிலேயே பயிற்சி செய்வார். பிங்க் நிற ஜட்டியோடு நின்று கிண்ணத்தில் சீரியல் சாப்பிடுவார். சண்டையில் பதினோரு ரவுண்டு அப்படியேதான் ஆடினார். பன்னிரண்டாவதில் திடீரென்று மார்ட்டினெஸைக் கீழே தள்ளி, ஸ்டேடியத்தையே எழுப்பினார். நேரம் போதவில்லை. அந்தக் கடைசி ரவுண்டு எங்கிருந்து வந்தது, முந்தைய பதினொன்றும் எங்கே போயிருந்தன என்று அந்த அப்பா யோசிக்காத ராத்திரி இருந்திருக்காது.

கோரி ஸ்பிங்க்ஸ் நேர் எதிர். அப்பா லியான் ஸ்பிங்க்ஸ் தன் எட்டாவது தொழில்முறைச் சண்டையிலேயே, 1978 இல், அலியை வென்று உலகை அதிர வைத்தவர். பணமும் பெயரும் வந்த வேகத்திலேயே போயின. கோரி அப்பா மாதிரி முட்டி மோதவில்லை. இடதுகைக்காரர், வெல்டர்வெயிட், வழுக்கிக்கொண்டு போகிற ஆட்டம். 2003 இல் அந்த எடைப்பிரிவின் மூன்று பெரிய பட்டங்கள் அவரிடம் வந்தன. அப்பாவின் பாணியைத் தொடாததுதான் அவரைக் காப்பாற்றியது என்பது என் கணிப்பு.

சமீபத்திய கதை இங்கிலாந்தில். கிறிஸ் யூபேங்கும் நைஜல் பென்னும் 1990 நவம்பரில் பர்மிங்ஹாமில் மோதினார்கள். ஒன்பதாவது ரவுண்டில் யூபேங்க் வென்றார். 1993 இல் ஓல்ட் டிராஃபோர்டில் மறுபடி, டிரா. இருவரும் ஒருவரையொருவர் மனதார வெறுத்தார்கள். அந்த வெறுப்பு முப்பது வருடம் கழித்து ஒரு வியாபாரச் சரக்காகும் என்று அப்போது யார் கண்டது? மகன்கள் கிறிஸ் யூபேங்க் ஜூனியரும் கானர் பென்னும் ஒரே எடைப்பிரிவினர்கூட இல்லை. இருந்தாலும் 2022 அக்டோபரில் சண்டை ஏற்பாடானது; கானரின் சோதனையில் தடைசெய்யப்பட்ட மருந்து தெரிந்து கடைசி நேரத்தில் நின்றது. தான் தப்பு செய்யவில்லை என்று அவர் இழுத்தடித்துப் போராடி, 2024 இறுதியில் மீண்டும் ஆட வழி கிடைத்தது. 2025 ஏப்ரல் 26, லண்டன், டாட்டன்ஹாம் ஸ்டேடியம். பெரியவர் யூபேங்கின் மகன் உடம்பைப் பிழிந்து 160 பவுண்டுக்கு இறங்க வேண்டும். சண்டையன்று காலையில் 170 ஐத் தாண்டவும் கூடாது. 0.05 பவுண்டு கூடுதலாக நின்றதற்கு, அதாவது சுமார் 23 கிராமுக்கு, 3,75,000 பவுண்டு அபராதம் கட்டினார்.

பெரியவர் யூபேங்க் ஆரம்பத்திலிருந்தே இதை எதிர்த்தார். அவரைக் கோமாளி என்றுதான் பலரும் சொல்வார்கள். ஒற்றைக் கண்ணாடி, குதிரைச் சவாரிக் கால்சட்டை, நாடக வசனம் மாதிரிப் பேச்சு. ஆனால் அவருக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது. டாட்டன்ஹாம் ஸ்டேடியம் நிற்பது பழைய வைட் ஹார்ட் லேன் மைதானம் இருந்த இடத்தில். 1991 செப்டம்பர் 21 அன்று அங்கேதான் அவர் மைக்கேல் வாட்சனோடு மோதினார். பதினோராவது ரவுண்டில் தான் விழுந்து எழுந்து ஓர் அப்பர்கட் விட்டார். வாட்சனின் தலை கயிற்றில் மோதியது. ரிங்கருகே சரியான அவசர சிகிச்சை இல்லை. வாட்சன் நாற்பது நாள் கோமாவில் கிடந்தார், பல அறுவை சிகிச்சைகள். வாட்சன் தொடுத்த வழக்கில் பிரிட்டனின் குத்துச்சண்டை வாரியமே தோற்றது. ரிங்கருகே இருக்க வேண்டிய மருத்துவ ஏற்பாடு பற்றிய விதிகள் இறுகின. 2003 இல் லண்டன் மாரத்தானை வாட்சன் ஆறு நாள் நடந்து முடித்தார். கடைசித் தூரத்தில் கூட நடந்தவர் யூபேங்க். போதாததற்கு 2021 இல் இன்னொரு மகன் செபாஸ்டியன், அவரும் குத்துச்சண்டைக்காரர்தான், இருபத்தொன்பது வயதில் துபாயில் திடீரென்று இறந்துபோனார்.

இவ்வளவும் நெஞ்சில் இருக்கிற அப்பா போதும் என்கிறார். மகன் கேட்கவில்லை. வளர்ந்த பிள்ளை எங்கே கேட்டது? அன்று இரவு யாரும் எதிர்பாராமல் மகனோடு காரிலிருந்து இறங்கினார் பெரியவர். மகன் பாயிண்டில் வென்றார். சண்டை முடிந்து இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நவம்பரில் அதே ஸ்டேடியத்தில் மறு சண்டை. பன்னிரண்டாவது ரவுண்டில் யூபேங்க் ஜூனியரை இரண்டு முறை தரையில் வீழ்த்திக் கானர் பென் பாயிண்டில் ஜெயித்தார்.

நம் ஊரில் வாரிசு என்றாலே அரசியலிலும் சினிமாவிலும் முகம் சுளிக்கிறோம். அங்கே வாரிசுக்குத் திறமை இல்லாவிட்டால் நஷ்டம் நமக்கு. குத்துச்சண்டையில் அப்பாவின் பெயரால் வந்த வாய்ப்புக்குரிய விலையை வாரிசே தன் மண்டையால் கட்டுகிறான். அதனால் இந்த வாரிசுகள்மேல் எனக்குக் கோபமே வருவதில்லை.

மார்விஸ் 1988 இல் நிறுத்திக்கொண்டார். 19 வெற்றி, 2 தோல்வி. பிறகு மதபோதகர் ஆனார். அப்பாவின் விவகாரங்களைப் பார்த்துக்கொண்டார். 2011 இல் ஜோ போகும்வரை அவர்மேல் உயிராய் இருந்தார். அந்த இரண்டு தோல்விகளையும் கூட்டினால் 3 நிமிடம் 27 வினாடி. உலகம் அவரை நினைவு வைத்திருப்பது அதற்காகத்தான். 1986 பிப்ரவரியில் அவர் 'போன்கிரஷர்' ஸ்மித்தைப் பத்து ரவுண்டு ஆடி வென்றதையும், அந்த ஸ்மித் பத்தே மாதத்தில் உலக சாம்பியன் ஆனதையும் யாரும் சொல்வதில்லை. இணையத்தில் மார்விஸ் பெயரைத் தேடினால் டைசனின் முப்பது வினாடிதான் முதலில் வந்து நிற்கும். அதைத் தள்ளிவிட்டு, ஸ்மித் சண்டை கிடைத்தால் அதைப் பாருங்கள்.