ஏழு புள்ளி, நாலு வரை

"எனக்குக் கற்பனையெல்லாம் வராதுங்க" என்று சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். கதை எழுதுபவருக்கும் மெட்டுப் போடுபவருக்கும் மட்டும் வாய்த்த வரம் அது என்று நினைக்கிறார்கள். சொல்பவரின் வீட்டு வாசலிலேயே காலையில் ஒரு கோலம் இருக்கும். நேற்றையது இன்று இருக்காது. தெருத்தெருவாகத் தினமும் நடக்கும் இந்த வேலையைப் பெண்களின் வீட்டுவேலைக் கணக்கில் சேர்த்துவிட்டதால், படைப்பு என்று சொல்லவே நமக்குத் தோன்றுவதில்லை.

என் பெரியம்மா சிக்குக்கோலத்தில் கெட்டிக்காரர். தண்ணீர் தெளித்த தரை காய்வதற்குள் புள்ளி வைத்து முடித்துவிடுவார். "ஏழு புள்ளி, நாலு வரை, இடைப்புள்ளி" என்றால் நடு வரிசையில் 7. மேலேயும் கீழேயும் ஒவ்வொன்றாகக் குறைந்து 6, 5, 4. மொத்தம் 37. பிறகு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பொடி நழுவ, இழை கிளம்பும். எந்தப் புள்ளியையும் தொடாமல், எல்லாவற்றையும் வளைத்துக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். சில நாள் இழை சீக்கிரமே கூடிவிடும். இரண்டு மூன்று புள்ளிகள் வெளியே நிற்கும். பெரியம்மா அழிக்க மாட்டார். இடுப்பில் கைவைத்துக் கொஞ்ச நேரம் பார்ப்பார். விட்டுப்போன புள்ளிகளைச் சுற்றி இன்னோர் இழை ஓட்டி, எதிர்ப்பக்கமும் அதற்கு ஈடாக ஒன்று போடுவார். புதுக்கோலம் பிறந்துவிடும். மத்தியானம் அது நோட்டில் ஏறும்.

அது கட்டம் போட்ட கணக்கு நோட்டு. அடுத்த தெரு வாசலில் கண்டது, மார்கழி மாதப் பத்திரிகையில் வந்தது, கல்யாண வீட்டில் பார்த்தது எல்லாம் அதில் உண்டு. எதையும் பார்த்தபடியே போடமாட்டார். ஓரத்தில் ஒரு வளைவாவது மாறியிருக்கும்.

கற்பனை எப்படி வளர்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. மனசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடிந்தால் வாசலுக்கு வந்தாக வேண்டும். கை அசைய ஆரம்பித்த பிறகுதான் யோசனை வருகிறது. நல்லதைக் கண்டால் நின்று பார்க்க வேண்டும், குறித்துவைக்க வேண்டும், அதில் நம்முடையதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். தவறிப்போனால் அதிலிருந்தே மேலே போக வேண்டும்.

விதி இருந்தால் கற்பனை முடங்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணியோடும் கமலா கிருத்திவாசனோடும் சேர்ந்து 1974-இல் கோலத்தைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். கணினி மொழிகளுக்கு இலக்கணம் வகுப்பதுபோலக் கோலங்களுக்கும் வகுக்கலாம் என்று காட்டிய ஆய்வு அது. சில விதிகளை வைத்துக்கொண்டு கோலங்களைப் பெருக்கிக்கொண்டே போகலாம். பெரியம்மாவின் கைக்கு அது முன்பே தெரியும். 37 புள்ளிகள் என்ற எல்லை இருந்ததால்தான் அவரால் தைரியமாக இழையை ஓட்ட முடிந்தது. வெறுந்தரை யாரையும் மலைக்க வைக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பத்து மணிக்குள் கோலத்தின் மேல் சைக்கிள் ஏறிவிடும், பால்காரர் மிதித்துவிடுவார், அரிசி மாவென்றால் எறும்பு இழுத்துப் போய்விடும். போடுகிறவர்களுக்கு அதில் வருத்தமில்லை. எப்படியும் அழியப்போவதால் இன்று புதிதாக ஒன்றை முயன்று பார்க்கலாம். நிலைத்து நிற்க வேண்டும், நாலு பேர் மெச்ச வேண்டும் என்ற கவலையே நம்மில் பலரைத் தொடங்கவிடாமல் செய்கிறது.

வகுப்பெடுப்பவர், சமைப்பவர், கடை நடத்துபவர், கணக்கு எழுதுபவர் யாரானாலும் தன் வேலையில் இப்படி ஒரு சின்ன வாசலை ஒதுக்கிக்கொள்ளலாம். ஆசிரியர் அதே பாடத்துக்குத் தினம் ஒரு புதுக் கேள்வி யோசிக்கலாம். சமைப்பவர் அதே குழம்பில் ஒரு பொருளை மாற்றிப் பார்க்கலாம். அளவு சிறிதாக இருக்கட்டும். நேரம் மாறாமல் இருக்கட்டும். பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கட்டும். நன்றாக வராத நாளிலும் செய்துவிடுங்கள். கற்பனை பிறவியில் வருவதா என்ற கேள்விக்கு அதன் பிறகு உங்களிடமே பதில் இருக்கும்.