பின்னாசனத்தில் அமர்ந்து பாருங்கள்

சிறிய கார் ஒன்று வாங்க எண்ணுவோர் பிறரிடம் விசாரிக்கும் விஷயங்கள் பல. விலை என்ன, ஒரு லீற்றர் பெற்றோலுக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும், உதிரிப்பாகங்கள் எளிதில் கிடைக்குமா என்றெல்லாம் கேட்பர். ஆனால், பின்னாசனத்தில் அமரப்போகிறவர் யார், அவர் அங்கே எவ்வாறு அமர்வார் என்று விசாரிப்போர் மிகச் சிலரே. வாங்குபவர் முன்னால் அமர்ந்து ஓட்டப் போகிறவர். விற்பவரும் அவருக்கு முன்கதவையே திறந்து காட்டுகிறார். பின்னால் அமரும் முதியோரின் அபிப்பிராயத்தை எவரும் கேட்பதில்லை.

கல்குடாவில் வாழும் எம்போன்றோருக்கு இது அற்ப விஷயமன்று. பெரிய வைத்தியசாலைக்கோ உறவினர் வீட்டு விசேஷத்துக்கோ மட்டக்களப்பு நகருக்குச் செல்ல வேண்டுமாயின், வாழைச்சேனை, கிரான், சித்தாண்டி, செங்கலடி, ஏறாவூர் வழியாக முப்பது கிலோமீற்றருக்கு மேல் பிரயாணஞ் செய்ய வேண்டும். இளைஞருக்கு அது ஒரு பொழுதுபோக்கு. முழங்கால் வாதத்தால் வருந்தும் என் தாயார் போன்றோருக்கோ அது ஒரு சோதனை.

என் மைத்துனரிடம் பார்வைக்கு அழகான, தாழ்ந்த அமைப்புடைய கார் ஒன்று இருந்தது. மட்டக்களப்புக்குச் செல்லும்போதெல்லாம் அவர் அம்மாவை அன்போடு அழைப்பார். அம்மாவோ, “நான் வரல்ல, நீங்க போயிட்டு வாங்க” என்று சொல்லிவிடுவார். வயதாகிவிட்டது, வெளியிற் செல்ல விருப்பமில்லை என்றே வீட்டில் மற்றவர்கள் கருதினர். ஒரு நாள் தனிமையில் நான் காரணத்தைக் கேட்டேன். “முன்னுக்கு இருக்கிறவங்களுக்குத்தான் மகன் அந்தக் கார் பெரிசு. பின்னுக்கு இருந்து எழும்புற பாடு எனக்குத்தானே தெரியும்” என்றார். பிரயாணத்தில் அவருக்கு விருப்பம் குறையவில்லை. இறங்கும் வேளையில் நால்வர் கைகொடுத்துத் தூக்குவதையே அவர் நாணினார்.

சிறிய கார் என்றால் இடமுங் குறைவாகத்தானே இருக்கும் என்று சிலர் கேட்கக்கூடும். மோட்டார் வண்டிகளின் வரலாறு அதற்கு வேறு விடை கூறுகிறது. நம் நாட்டு வீதிகளில் இன்றும் காணக்கூடிய மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அறிமுகமாயிற்று. அதனை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், உற்பத்தி தொடங்கவிருந்த தறுவாயில், வண்டி மிகவும் ஒடுங்கியிருப்பதாக உணர்ந்தார். மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, 4 அங்குலம் விலக்கிவைத்துப் பார்த்து, அந்த அகலத்தையே நிலைப்படுத்தினார். அதன் முன்மூடியின் நடுவே நீண்டு செல்லும் பட்டையான மேடு அந்த 4 அங்குலத்தின் அடையாளமாகும்.

1956இல் எழுந்த சுயஸ் நெருக்கடியால் ஐரோப்பாவிற் பெற்றோலுக்குத் தட்டுப்பாடு உண்டாயிற்று. அதன் பின்னர் 1959இல் அதே இசிகோனிஸ் ‘மினி’ என்னும் காரை அளித்தார். வண்டியின் நீளம் ஏறக்குறைய 10 அடியே. இயந்திரத்தைக் குறுக்காகத் திருப்பிவைத்து, கியர்ப் பெட்டியை அதன் கீழே அடக்கி, சக்கரங்களையும் சிறிதாக்கி, மிஞ்சிய இடம் முழுவதையும் அவர் பிரயாணிகளுக்கே கொடுத்தார். இடத்தைத் தாராளமாக வழங்கிய அவர், ஆசனச் சுகத்தில் அத்துணை அக்கறை காட்டவில்லை. சாரதி சற்றே அசௌகரியமாக அமர்ந்தால்தான் விழிப்புடன் ஓட்டுவான் என்பது அவர் கொள்கையாம்! இடவசதி வேறு, ஆசனச் சுகம் வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுவதில்லை.

ஜப்பானியர் வேறொரு வழியைக் கண்டனர். அந்நாட்டின் சிறுகார்களுக்கு நீளம் 3.4 மீற்றரையும் அகலம் 1.48 மீற்றரையும் தாண்டலாகாது என்பது 1998 முதல் உள்ள விதி. உயரத்துக்கோ 2 மீற்றர் வரை இடமுண்டு. எனவே அவர்கள் மேல்நோக்கி வளர்ந்தனர். 1993இல் தோன்றிய சுசுகி வேகன் ஆர் இவ்வகையைச் சேர்ந்தது. நாற்காலியில் இருப்பது போல நிமிர்ந்து அமர்பவருக்குக் கால்நீட்டக் குறைந்த இடமே போதும். ஆசனம் உயர்ந்திருப்பதால் ஏறி இறங்கும்போது முழங்காலில் விழும் பாரமும் குறைகிறது.

எங்கள் குடும்பத்துக்கென ஒரு கார் பார்க்கச் சென்ற நாளில், நான் அம்மாவையும் ஓர் அளவு நாடாவையும் உடன் கொண்டு சென்றேன். முதலில் முன்னாசனத்தை நான் ஓட்டுவதற்கேற்ற நிலையில் நிறுத்தினேன். முன்னாசனத்தை முன்னே தள்ளிவைத்துவிட்டு அளந்தால் எந்தக் காரும் விசாலமானதே. பின்பு பின்னாசனத்தின் உயரத்தை அம்மாவின் முழங்கால் உயரத்தோடு ஒப்பிட்டேன். அதற்கப்பால் மெத்தையின் ஆழத்தை அளந்தேன். சில கார்களில் மெத்தையைக் குறுக்கியே கால்வைக்கும் இடத்தைப் பெருக்கிக் காட்டுகிறார்கள். அதில் அமர்பவருக்குத் தொடையில் தாங்குதல் இல்லாமற் போய், உடற்பாரம் முழுவதும் இடுப்பிலேயே இறங்குகிறது. இறுதியாக, அம்மாவைக் கால்மணி நேரம் அங்கேயே அமர்ந்திருக்கச் செய்தேன். மிருதுவான மெத்தை முதல் ஐந்து நிமிடத்துக்கு எவரையும் மகிழ்விக்கும். அதன் உண்மைக் குணம் அதன் பின்னரே புலப்படும்.

தாழ்ந்த காரிலிருந்து எழ அம்மாவுக்கு என் தோள் தேவைப்பட்டது. பெட்டி போன்ற உயரமான காரிலிருந்து அவர் கதவைப் பிடித்துக்கொண்டு தாமாகவே இறங்கி நின்றார். விற்பனையாளர் பேசிய எந்தப் பேச்சும் அதற்கு ஈடாகவில்லை.

உயரமான காருக்குக் குறைகள் இல்லாமலில்லை. பின்னாசனத்தில் எல்லோரும் இருக்கும்போது பொதி வைக்க இடம் சொற்பம். கடற்காற்று பலமாக வீசும் நாளில் வண்டி சற்றே அசையும். தோற்றம் அழகாயில்லை என்று என் மகனுக்கு இன்றும் மனக்குறை. மேலும், அவ்வகைக் கார் நால்வருக்கென்றே அமைந்தது, நாங்களோ ஐவர். ஆகவே எல்லோரும் செல்லும் நாளில் அந்த மகனே பஸ்ஸில் வருகிறான். இளமைக்கு அது பாரமன்று.

இப்பொழுது அம்மா, “எப்ப மகன் மட்டக்களப்புக்குப் போற?” என்று தாமே கேட்கிறார். முதியவர் ஒருவர் வரவில்லை என்று சொன்னால், அதை உடனே விருப்பமின்மை என்று கொள்ளாதீர்கள். கார் வாங்கச் செல்லும் நேயர்கள், ஏறி இறங்குவது வீட்டில் எவருக்கு மிகக் கடினமோ அவரையே முதலில் அழைத்துச் சென்று பின்கதவைத் திறந்துவிடுங்கள். அவருக்கு வசதியான கார் ஏனையோர்க்கும் பெரும்பாலும் வசதியாகவே இருக்கும்.