ஊரைத் தேடி வந்தவர்

பொருநை என்னும் தாமிரபரணி பொதிகையிற் பிறந்து, நெல்லைச் சீமையை வளப்படுத்தி, புன்னைக்காயலுக்கு அருகே கடலிற் கலக்கிறது. ஆற்றின் பிறப்பிடத்தைக் காண விழைவோர் கரைவழியே மேற்கு நோக்கி நடந்தாற் போதும். கடல் கடந்து சென்ற ஒரு குடும்பத்தின் பிறப்பிடத்தைக் காண்பதோ அத்துணை எளிதன்று.

1860ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ‘துரூரோ’ என்னும் கப்பல் 300க்கு மேற்பட்ட மக்களுடன் சென்னையினின்று புறப்பட்டு, நவம்பர் 16ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்கென ஒப்பந்தத்தின்பேரில் சென்றவர்கள் அவர்கள். 1911 வரை இவ்வாறு நேட்டாலுக்குச் சென்றோர் 1,52,000க்கு மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பாலோர் சென்னையிற் கப்பலேறியவர். நெல்லை மாவட்டத்தாரும் அவர்களுள் இருந்தனர்.

கரையிறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. கப்பற் பதிவேட்டில் அவ்வெண்ணுக்கு நேரே பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடலிலுள்ள தழும்பு முதலியன எழுதப்பெற்றன. ஆளை அடையாளங் காண்பதே எழுதியவர் நோக்கம், வரலாறு எழுதுவதன்று. ஆயினும், வேரைத் தேடும் கொள்ளுப்பேரனுக்கு இன்று அதுவே குலப் பட்டயமாய் விளங்குகிறது.

அப்பட்டயத்தைப் படிப்பதிலும் இடர்கள் உள. காதில் விழுந்த ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதியமையால் மக்கட்பெயரும் ஊர்ப்பெயரும் உருச்சிதைந்தன. ஒரே பெயருடைய ஊர்களும் பல. மேலும், அந்நாளைய நெல்லை மாவட்டம் மிகப் பரந்தது. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைந்தபோது திருவில்லிபுத்தூரும் சாத்தூரும் பிரிந்தன. 1986இல் தூத்துக்குடியும், 2019இல் தென்காசியும் தனி மாவட்டங்களாயின. ஆதலால், ஏட்டில் ‘திருநெல்வேலி’ என்று கண்டவர், இன்று நான்கு மாவட்டங்களில் தேட வேண்டியவராகிறார்.

ஏட்டிற் கிடைக்காதது வழிபாட்டிற் கிடைப்பதும் உண்டு. நெல்லைச் சீமையின் இந்துக் குடும்பங்கள் பலவற்றுக்குத் தத்தமக்கென ஒரு சாஸ்தா கோயில் உண்டு. எங்கெங்கோ வாழ்வோரும் பங்குனி உத்திரத்தன்று அங்கு வந்து கூடுவர். பாட்டி சொல்லிச் சென்ற சாஸ்தாவின் பெயர் ஒன்று நினைவில் இருப்பினும் ஊர் துலங்கக்கூடும். அப்பெயரையும் மறந்தவர் என் செய்வர்? பாபநாச மலையிற் காரையாற்றில் எழுந்தருளியுள்ள சொரிமுத்து அய்யனாரைத் தம் சாஸ்தாவாகக் கொண்டு வணங்குவர். ஊர் மறந்த பிள்ளையையும் புறந்தள்ளாத நல்வழக்கம் இது!

தேடி வந்தவருக்கு முன்னோர் வாழ்ந்த வீடு கிடைக்காமற் போகலாம். உறவினர் எவரும் எஞ்சியிராமலும் போகலாம். எனினும், பொருநையில் இறங்கி ஒரு கை நீர் அள்ளும்போது, எண்ணாகிப் போன பாட்டனார் மீண்டும் பெயரும் ஊரும் உடைய மனிதராகிறார்.

பிறந்த ஊரிலேயே வாழ்வோருள்ளும் பாட்டனாரின் தந்தை பெயரை அறிந்தவர் சிலரே. சொல்வதற்குப் பெரியோர் இருக்கும்போதே கேட்டறிந்து எழுதி வைத்தல் இளையோர் கடனாகும்.